ரெடிஸ் கன்டெய்னருக்குக் கன்ஃபிக் கொடுப்பது: கமாண்டிலா, கோப்பிலா, இமேஜுக்குள்ளேயா?

டேட்டாவை மெமரியிலேயே வைத்திருக்கும் சர்வரான ரெடிஸின் அதிகாரப்பூர்வ இமேஜை டாக்கர் ஹப்பிலிருந்து இறக்கி அப்படியே ஓட்டினால், லாகின் முதல் சில வரிகளிலேயே ஓர் எச்சரிக்கை வரும். கன்ஃபிக் கோப்பு எதுவும் தரப்படவில்லை, டீஃபால்ட் அமைப்போடு தொடங்குகிறேன் என்பது அதன் சாரம். யாரும் அதைப் படிப்பதில்லை. பிங் என்றால் பாங் என்று பதில் வருகிறது, அப்ளிகேஷன் ஓடுகிறது, போதும்.

சில மாதம் கழித்து ஒரு நாள் கன்டெய்னர் 137 என்ற வெளியேறும் எண்ணோடு விழுந்து கிடக்கும். 64 பிட் ரெடிஸில் அதன் மெமரி வரம்பான மேக்ஸ்மெமரியின் டீஃபால்ட் 0, அதாவது வரம்பே கிடையாது. கன்டெய்னருக்கு நீங்கள் வைத்த மெமரி வரம்பு ரெடிஸுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வாங்கிக்கொண்டே போகும். வரம்பைத் தொட்டதும் கெர்னல் அதன் கதையை முடித்துவிடும். சரி, மேக்ஸ்மெமரி கொடுத்துவிடலாம் என்று உட்காரும்போதுதான் குழப்பம். சர்வரைத் தொடங்கும் கமாண்டோடு சேர்த்துக் கொடுக்கலாம், கோப்பாக எழுதி மவுன்ட் செய்யலாம் (அதாவது ஹோஸ்ட் இயந்திரத்தில் இருக்கும் கோப்பைக் கன்டெய்னருக்குள் தெரியவைக்கலாம்), இமேஜையே புதிதாகக் கட்டலாம், குபெர்னெட்டிஸ் என்றால் கன்ஃபிக் கோப்பை வைத்துத் தரும் கன்ஃபிக்மேப் இருக்கிறது, ஓடும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. எல்லாமே வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். எது எப்போது காலை வாரிவிடும் என்று தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் கன்ஃபிக் கோப்பில் யார் எழுதப்போகிறார்கள்? நீங்கள் மட்டும்தான் என்றால் எந்த வழியும் சரி, வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம். ரெடிஸும் எழுதும் என்றால் பாதி வழிகள் அங்கேயே அடைபட்டுப் போகும். ரெடிஸ் தன் கன்ஃபிக்கைத் தானே எழுதுமா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். எழுதும். கன்ஃபிக் ரீரைட் என்ற கமாண்டு அதற்கென்றே இருக்கிறது. சென்டினல் (மாஸ்டர் சர்வர் விழுந்தால் அதன் நகலான ரெப்ளிகா ஒன்றை மாஸ்டராக்கும் கண்காணிப்பாளர்) வைத்திருந்தால் நீங்கள் கேட்காமலேயே எழுதும்: மாஸ்டர் மாறும்போதெல்லாம் சென்டினல் தன் கோப்பைத் திருத்துகிறது, ரெப்ளிகாக்களையும் அவற்றின் கோப்பைத் திருத்தச் சொல்கிறது.

மற்றவை இதற்குப் பிறகுதான். எத்தனை வரி மாற்றம்? பாஸ்வேர்டு இருக்கிறதா, அது யார் கண்ணில் படும்? ஒரு மதிப்பை மாற்றினால் ஓடுகிற சர்வருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? கன்டெய்னரை அழித்து மறுபடி உருவாக்கினால் அமைப்பு நிற்குமா? கடைசியாக, உங்களுக்குப் பின் வருகிறவர் இதை எங்கே தேடுவார்?

## இமேஜுக்குள் என்ன நடக்கிறது

ஒப்பிடும் முன் அதிகாரப்பூர்வ இமேஜின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குள் ரெடிஸ்.கான்ஃப் கோப்பு கிடையாது. டேட்டா எல்லாம் /டேட்டா என்ற ஃபோல்டரில், வால்யூமாக. கன்டெய்னர் ரூட்டாகத் தொடங்கினாலும், கொடுத்த கமாண்டு ரெடிஸ்-சர்வர் என்று இருந்தால் நுழைவு ஸ்கிரிப்ட் /டேட்டாவின் உரிமையைச் சரிசெய்துவிட்டு, 999 என்ற எண் கொண்ட ரெடிஸ் பயனராக இறங்கி சர்வரை ஓட்டும். ஆகவே உங்கள் கன்ஃபிக் கோப்பைப் படிக்கப்போவது அந்த 999. ஹோஸ்டில் ரூட் மட்டும் படிக்கும்படி 600 என்று வைத்திருந்தால் கதவு மூடிவிடலாம்.

இன்னொன்று, புரொடெக்டட் மோடு. பாஸ்வேர்டு இல்லாத ரெடிஸுக்கு வெளியிலிருந்து யாரும் வராமல் தடுக்கும் பாதுகாப்பு இது. மற்ற கன்டெய்னர்கள் எளிதாகப் பேசட்டும் என்று இந்த இமேஜில் அதை டீஃபால்ட்டாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். 6379 போர்ட்டை வெளியே திறந்தால் பாஸ்வேர்டு இல்லாமல் உலகமே உள்ளே வரலாம். கன்ஃபிக் எதுவும் வேண்டாம் என்று நினைப்பவர்களும் யோசிக்க வேண்டிய இடம் இது.

## கமாண்டோடு சேர்த்துக் கொடுப்பது

ரெடிஸ் 2.6 முதல், கோப்பில் எழுதக்கூடிய எந்த வரியையும் முன்னால் இரண்டு கோடு போட்டு கமாண்டிலேயே கொடுக்கலாம். கோடு கோடு மேக்ஸ்மெமரி 400எம்பி, கோடு கோடு மேக்ஸ்மெமரி-பாலிசி ஆல்கீஸ்-எல்ஆர்யூ. கன்டெய்னர்கள் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில், கமாண்டு என்ற இடத்தில் இதை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கோப்பு இல்லை, மவுன்ட் இல்லை, பர்மிஷன் தொல்லை இல்லை. சர்வீஸ் எப்படி ஓடுகிறது என்பது ஒரே கோப்பில் கண்ணுக்குத் தெரியும்.

கேச்சாக மட்டும் ரெடிஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். மூன்று வரி, நான்கு வரி மாற்றத்துக்குக் கோப்பு எழுதி மவுன்ட் செய்வது கொசுவை அடிக்க உலக்கை தூக்குவது.

மறைந்திருக்கும் விலை என்ன? முதலாவது பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு வைக்கும் வரியான ரெக்வயர்பாஸை இப்படிக் கொடுத்தால் டாக்கர் இன்ஸ்பெக்ட் போட்டுப் பார்க்கிற எவருக்கும் அது பளிச்சென்று தெரியும், கம்போஸ் கோப்போடு சேர்ந்து கிட் (Git) களஞ்சியத்துக்கும் போய்விடும். ரெடிஸ் தன் ப்ராசஸ் பெயரை மாற்றிக்கொள்வதால் பிஎஸ் பட்டியலில் அது தெரியாது. அதைப் பார்த்துவிட்டு ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பாஸ்வேர்டில் டாலர் குறி இருந்தால் கம்போஸ் அதை மாறி என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு டாலராக எழுத வேண்டும்.

இரண்டாவது, சேவ் வரி. டேட்டாவை அவ்வப்போது டிஸ்க்கில் எழுதும் ஆர்டிபி ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்றால் சேவ் என்பதற்குக் காலி மதிப்பு கொடுக்க வேண்டும். அந்தக் காலி மேற்கோள் ஷெல்லிலும் யாம்லிலும் எங்கே தொலைகிறது என்று தேடி ஒரு மாலையைச் செலவழித்திருக்கிறேன். கமாண்டைப் பட்டியல் வடிவில், ஒவ்வொரு துண்டும் தனி வரியாக எழுதினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாவது, கோப்பு இல்லாமல் தொடங்கிய ரெடிஸில் கன்ஃபிக் ரீரைட் கொடுத்தால் கன்ஃபிக் கோப்பே இல்லை என்று பிழை வரும். சென்டினலோடு ஓடும் ரெடிஸுக்கு இந்த வழி ஒத்துவராது.

அலகு பற்றி ஒரு கிளைக்கதை. டாக்கரில் 512எம் என்றால் 1024-ஐ அடிப்படையாக வைத்த கணக்கு, 53,68,70,912 பைட். ரெடிஸில் 512எம் என்றால் 51,20,00,000 பைட். அதே 1024 கணக்கு வேண்டுமானால் 512எம்பி என்று எழுத வேண்டும். குபெர்னெட்டிஸில் 512எம் என்று சிறிய எழுத்தில் எழுதினால் 0.512 பைட் என்று பொருள், ஏனென்றால் அங்கே அது மில்லி. மூன்று ஊர், மூன்று படி. அது மட்டுமல்ல, கன்டெய்னர் வரம்பு முழுவதையும் மேக்ஸ்மெமரிக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஆர்டிபி எழுதும்போதோ ஏஓஎஃப் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் கோப்பு) திரும்ப எழுதும்போதோ ரெடிஸ் ஃபோர்க் ஆகிறது, அதாவது தன் நகலாக இன்னொரு ப்ராசஸைத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் மாறுகிற பக்கங்கள் இரண்டிரண்டாக இடம் பிடிக்கும். டேட்டாவை டிஸ்க்கில் எழுதுகிற ரெடிஸாக இருந்தால் நான் முக்கால் பங்குக்கு மேல் போவதில்லை.

## கோப்பை எழுதி மவுன்ட் செய்வது

பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடம் இது. அதிக விபத்து நடப்பதும் இங்கேதான்.

ஹோஸ்டில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ரெடிஸ்.கான்ஃப். அதைக் கன்டெய்னரின் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி/ரெடிஸ் என்ற இடத்தில் மவுன்ட் செய்து, ரெடிஸ்-சர்வர் கமாண்டுக்கு முதல் சொல்லாக அந்தக் கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் மறக்கிறார்கள். கோப்பு உள்ளே அழகாக உட்கார்ந்திருக்கும். ரெடிஸ் அதைத் திரும்பியும் பார்க்காது. இந்தப் பாதையில் கோப்பு இருக்கிறதா என்று ரெடிஸ் தானாகத் தேடுவதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு, இணையத்திலிருந்து முழு ரெடிஸ்.கான்ஃபை இறக்கி அப்படியே போடுவது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைச் செய்து அரை நாள் விழித்திருக்கிறோம். கன்டெய்னருக்குள் நுழைந்து பார்த்தால் ரெடிஸ் பதில் சொல்கிறது. பக்கத்துக் கன்டெய்னரிலிருந்து கேட்டால் இணைப்பு மறுக்கப்படுகிறது. காரணம் அந்தக் கோப்பில் இருந்த பைண்ட் 127.0.0.1 என்ற வரி. கன்டெய்னருக்கு உள்ளே 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். சரி என்று அந்த வரியை எடுத்தோம். இப்போது இணைப்பு கிடைத்தது, ஆனால் புரொடெக்டட் மோடில் இருக்கிறேன் என்று ரெடிஸ் விரட்டியது. இமேஜ் அணைத்து வைத்திருந்ததை நாங்கள் போட்ட கோப்பு மறுபடி ஏற்றிவிட்டது. அதை மறுபடி அணைக்கலாமா என்று பேச்சு வந்தது. பாஸ்வேர்டு வைப்பதுதான் சரி என்று முடிவாகி, அதைச் செய்ததும் எல்லாம் ஓடியது.

மெய்நிகர் இயந்திரத்தில் ஓடிய பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் மோசம். டெமனைஸ் யெஸ் என்று ஒரு வரி இருக்கும். ரெடிஸ் பின்னணிக்குப் போகும், முன்னால் நின்ற ப்ராசஸ் முடியும், அதோடு கன்டெய்னரும் முடிந்தது. லாகில் ஒரு பிழையும் இருக்காது. லாக் கோப்பின் பாதையும் டேட்டா ஃபோல்டரின் பாதையும் டெபியன் பேக்கேஜுக்கு ஏற்ப எழுதப்பட்டிருக்கும். அந்த ஃபோல்டர்கள் கன்டெய்னரில் கிடையாது. ஆகவே முழுக் கோப்பைக் கொண்டுவராதீர்கள். காலிக் கோப்பில் தொடங்கி, உங்களுக்கு மாற வேண்டிய வரிகளை மட்டும் எழுதுங்கள். சொல்லாதவை டீஃபால்ட்டிலேயே இருக்கும். பத்து வரிக் கோப்பை ஒரு பார்வையில் படித்துவிடலாம், ஆயிரக்கணக்கான வரிக் கோப்பில் எது நீங்கள் மாற்றியது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

### ஒற்றைக் கோப்பா, ஃபோல்டரா?

சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் முதலில் கேட்ட கேள்வி, யார் எழுதப்போகிறார்கள் என்பது, இங்கேதான் வந்து நிற்கிறது.

கோப்பை மட்டும் மவுன்ட் செய்தால், ரெடிஸ் அதைத் திருத்த முடியாமல் போகும். இப்போதைய பதிப்புகள் கன்ஃபிக்கைத் திருத்தும்போது பக்கத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, அதன் பெயரைப் பழைய கோப்பின் பெயராக மாற்றுகின்றன. பாதியில் மின்சாரம் போனாலும் கோப்பு சிதையாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய கோப்பு ஒரு மவுன்ட் புள்ளியாக இருந்தால் அதன் மேல் பெயர் மாற்ற லினக்ஸ் விடாது. டிவைஸ் பிஸி என்று பிழை வரும். சென்டினல் புதிய நிலையை டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று லாகில் கத்திக்கொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஃபோல்டரை மவுன்ட் செய்து, அதில் 999 எழுதும்படி உரிமை கொடுத்தால் சரியாகிவிடும். நுழைவு ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்காமல், இந்த ஃபோல்டருக்கு நீங்களே உரிமையை மாற்றிவிடுங்கள்.

ஒற்றைக் கோப்பு மவுன்ட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் இன்னொரு குறை, ஹோஸ்டில் கோப்பை மாற்றினால் உள்ளே பழையதே தெரியும் என்பது. லினக்ஸின் sed கமாண்டால் திருத்தினாலோ கிட் புதிய பதிப்பை இறக்கினாலோ பழைய கோப்பு நீக்கப்பட்டு அதே பெயரில் புதியது பிறக்கிறது. கன்டெய்னர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். உண்மைதான். ஆனால் ரெடிஸ் விஷயத்தில் இதைப் பெரிதாக்க வேண்டியதில்லை. கோப்பு மாறியதைப் பார்த்து ரெடிஸ் தானாகத் திரும்பப் படிப்பதில்லை, எப்படியும் ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும் மவுன்ட் புதிதாகப் போடப்பட்டு புதிய கோப்பு வந்துவிடும். உள்ளே எட்டிப் பார்த்துக் குழம்புவதுதான் மிச்சம்.

பாதையில் எழுத்துப் பிழை விடுவது வேறு. -வி முறையில் ஹோஸ்டில் இல்லாத கோப்பைச் சொன்னால், டாக்கர் அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி அதை மவுன்ட் செய்துவிடும். ரெடிஸ்.கான்ஃப் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர்! நீளமான --மவுன்ட் முறையில் எழுதினால் இப்படி மௌனமாக இருக்காது, கோப்பு இல்லை என்று நின்றுவிடும். நான்கு சொல் கூடுதலாக எழுதினாலும் அதையே பழகிக்கொள்ளுங்கள்.

## இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டுவது

டாக்கர்ஃபைலில் இரண்டு வரி: கோப்பை உள்ளே காப்பி செய், கமாண்டில் அதன் பாதையைச் சொல். பத்து சர்வரில் ஒரே மாதிரி ஓட வேண்டும், ஹோஸ்டில் கோப்பு வைக்க வழியில்லை, அல்லது மேகச் சேவை இமேஜை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும் என்றால் இதுதான் வழி. எந்தக் கன்ஃபிக் எந்தப் பதிப்பில் ஓடியது என்பது இமேஜ் டேகிலேயே இருக்கிறது. பழையதற்குத் திரும்புவதும் ஒரு டேக் மாற்றம்தான்.

விலை இரண்டு. மேக்ஸ்மெமரியில் ஓர் எண்ணை மாற்ற இமேஜ் கட்டி, ரெஜிஸ்ட்ரிக்கு ஏற்றி, எல்லா இடத்திலும் இறக்க வேண்டும். அதைவிடப் பெரியது, இமேஜ் இப்போது உங்களுடையது. அதிகாரப்பூர்வ இமேஜில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மற்றவர்கள் இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் மறுபடி கட்ட வேண்டும். கட்ட வேண்டும் என்று யார் நினைவுபடுத்துவார்கள்? இதற்குத் தானியங்கி ஏற்பாடு இல்லாத குழுவுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

பாஸ்வேர்டை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். அடுத்த வரியில் நீக்கினாலும் முந்தைய லேயரில் அது இருந்துகொண்டே இருக்கும்.

## என்விரான்மென்ட் மாறிகள்

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் பழக்கத்தில் ரெடிஸ்_பாஸ்வேர்டு என்று ஒரு மாறியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. அதிகாரப்பூர்வ ரெடிஸ் இமேஜ் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பிழையும் வராது, பாஸ்வேர்டும் இருக்காது. கன்ஃபிக் கோப்புக்குள் மாறியை எழுதினாலும் ரெடிஸ் அதை விரித்துப் படிக்காது.

மாறிகளை மதித்தது பிட்நாமியின் இமேஜ். ஆனால் 2025-ல் அவர்கள் பதிப்பு எண் கொண்ட இலவச இமேஜ்களைப் பழையவற்றுக்கான தனிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே புதுப்பிப்பு வராது. இமேஜ் தயாரித்தவரின் வசதியில் சாய்ந்திருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் ரெடிஸ் உரிமம் மாறியபோது லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் பிரிந்து போன வால்கீயின் இமேஜில் வால்கீ_எக்ஸ்ட்ரா_ஃப்ளாக்ஸ் என்று ஒரு மாறி இருக்கிறது. அதில் எழுதுவது கமாண்டின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். அதாவது அது கமாண்டு வழிதான், வேறு வாசலில்.

## கம்போஸ் கன்ஃபிக்ஸ், குபெர்னெட்டிஸ் கன்ஃபிக்மேப்

மவுன்ட்டின் தம்பிகள் இவை. கம்போஸ் 2.23.1 முதல், கன்ஃபிக்ஸ் பகுதியில் கோப்பின் உள்ளடக்கத்தை கம்போஸ் கோப்புக்குள்ளேயே எழுதலாம். பத்து வரிக் கன்ஃபிக்குக்கு இது எனக்குப் பிடித்த வழி: கோப்பின் நன்மையும் உண்டு, தனிக் கோப்பும் இல்லை. பல சர்வர்களை ஒன்றாக ஓட்டும் டாக்கர் ஸ்வார்மில் ஒரு கன்ஃபிக்கை உருவாக்கியபின் மாற்ற முடியாது. புதிய பெயரில் இன்னொன்று உருவாக்கி சர்வீஸை அதற்குத் திருப்ப வேண்டும். தொல்லையாகத் தெரிந்தாலும் யாரும் இரவோடு இரவாக மாற்றிவிட முடியாது என்பது ஒரு நிம்மதி.

குபெர்னெட்டிஸ் ஆவணத்திலேயே கன்ஃபிக்மேப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாக ரெடிஸைத்தான் எடுத்திருக்கிறார்கள். மேக்ஸ்மெமரி 2எம்பி என்று மாற்றுகிறார்கள், ரெடிஸைக் கேட்டால் இன்னும் 0 என்கிறது. ரெடிஸ் கன்டெய்னர் ஓடும் பாடை (pod) அழித்து மறுபடி உருவாக்கியபின் 2097152 என்கிறது. கன்ஃபிக்மேப் மாறினால் உள்ளே இருக்கும் கோப்பு சற்று நேரத்தில் மாறும், சப்பாத் (subPath) வழியாக ஒற்றைக் கோப்பாக மவுன்ட் செய்திருந்தால் அதுவும் மாறாது. எப்படியானாலும் ரெடிஸுக்கு ரீஸ்டார்ட் வேண்டும். குபெர்னெட்டிஸில் நிறுவ உதவும் ஹெல்ம் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் கன்ஃபிக்மேப்பின் செக்சம்மை பாடின் அனோட்டேஷனில் போட்டுவைத்தால், மாறும்போது பாடும் தானாக மாறும்.

கன்ஃபிக்மேப் மவுன்ட்டில் எழுத முடியாது என்பதை மறக்க வேண்டாம். சென்டினல் ஓட்டுகிறவர்கள் முதலில் ஓடி முடியும் இனிட் கன்டெய்னர் ஒன்றை வைத்து, கோப்பை எழுதக்கூடிய வால்யூமுக்குக் காப்பி செய்து, ரெடிஸை அங்கிருந்து தொடங்குவார்கள். முதல் தடவை மட்டும் காப்பி செய்யும்படி எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் காப்பி செய்தால், இப்போது யார் மாஸ்டர் என்று சென்டினல் எழுதி வைத்ததை நீங்களே அழிக்கிறீர்கள்.

## ஓடும்போதே மாற்றுவது

கன்ஃபிக் செட் கமாண்டு உடனே வேலை செய்யும், ரீஸ்டார்ட் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு மெமரி நிரம்பும்போது இதைவிட நல்ல நண்பன் இல்லை. ஆனால் கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆனாலே அந்த மாற்றம் போய்விடும், ரீரைட் செய்திருந்தால் தவிர. டேட்டாபேஸ் எண்ணிக்கை, கிளஸ்டர் இயக்கம் போன்ற சிலவற்றை இந்த வழியில் மாற்றவும் முடியாது. இதை முதலுதவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இதுதான் முதலில் வர வேண்டும், அந்த இடம் டேட்டாவே போகக்கூடிய இடம். கன்ஃபிக் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடிய ரெடிஸ். வால்யூமில் ஆர்டிபி கோப்பு இருக்கிறது. இப்போது நீங்கள் இந்தக் கட்டுரை மாதிரி எதையோ படித்துவிட்டு ஒழுங்காகக் கோப்பு எழுதுகிறீர்கள், அதில் ஏஓஎஃப்பை இயக்கும் அப்பெண்ட்ஒன்லி யெஸ் என்று ஒரு வரி சேர்க்கிறீர்கள், கன்டெய்னரை மறுபடி உருவாக்குகிறீர்கள். ரெடிஸ் ஏஓஎஃப் கோப்பைத் தேடும். இல்லை. ஆர்டிபி பக்கத்திலேயே இருந்தும் காலியாகத் தொடங்கலாம். அப்புறம் அடுத்த ஸ்னாப்ஷாட் வந்து பழைய ஆர்டிபியின் மேலேயே எழுதிவிடும். வெறும் கோப்பை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் டேட்டா இழப்பு நேரலாம் என்று ரெடிஸ் ஆவணமே எச்சரிக்கிறது.

சரியான வரிசை: முதலில் ஆர்டிபியை ஒரு காப்பி எடுங்கள். ஓடுகிற சர்வரில் கன்ஃபிக் செட் வழியாக அப்பெண்ட்ஒன்லியை இயக்குங்கள். இன்ஃபோவில் ஏஓஎஃப் எழுதி முடிந்ததா, சரியாக முடிந்ததா என்று பாருங்கள். அதன் பிறகே கோப்பில் அந்த வரியைச் சேர்த்து கன்டெய்னரை மாற்றுங்கள். டாக்கர் ஸ்டாப் டீஃபால்ட்டாகப் பத்து விநாடிதான் காத்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெரிய டேட்டாவாக இருந்தால் ரெடிஸ் கடைசியாக எழுதி முடிக்கும் முன்பே வெட்டிவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | எத்தனை வரிக்கு | ரெடிஸ் எழுத முடியுமா | பாஸ்வேர்டு | மாற்றினால் என்ன செய்ய வேண்டும் |
|---|---|---|---|---|
| கமாண்டு | 5 வரை | முடியாது | இன்ஸ்பெக்டில் தெரியும் | கன்டெய்னரை மறுபடி உருவாக்க வேண்டும் |
| ஒற்றைக் கோப்பு மவுன்ட் | எவ்வளவும் | முடியாது | ஹோஸ்ட் பர்மிஷனைப் பொறுத்தது | ரீஸ்டார்ட் |
| ஃபோல்டர் மவுன்ட் | எவ்வளவும் | 999-க்கு உரிமை தந்தால் முடியும் | ஹோஸ்ட் பர்மிஷனைப் பொறுத்தது | ரீஸ்டார்ட் |
| இமேஜுக்குள் | எவ்வளவும் | எழுதினாலும் கன்டெய்னரோடு போய்விடும் | வைக்கவே கூடாது | கட்டி, ஏற்றி, இறக்க வேண்டும் |
| கன்ஃபிக்மேப் | எவ்வளவும் | முடியாது | சீக்ரெட்டில் தனியாக | பாடை மாற்ற வேண்டும் |
| கன்ஃபிக் செட் | ஒன்றிரண்டு | ரீரைட்டுக்குக் கோப்பு வேண்டும் | பொருந்தாது | ஒன்றும் வேண்டாம், ஆனால் நிலைக்காது |

## அப்படியானால் உங்களுக்கு எது

லேப்டாப்பில் டெவலப்மென்ட், அல்லது புரொடக்ஷனில் வெறும் கேச் என்றால் கமாண்டு. டேட்டா முக்கியம், ஒரே சர்வர் என்றால் ஃபோல்டர் மவுன்ட், பத்து வரிக் கோப்பு. சென்டினல் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், 999 எழுதக்கூடிய இடத்தில் கோப்பு. இமேஜ் கட்டுவதைத் தானியங்கியாக வைத்திருக்கும் பெரிய குழுவுக்கு இமேஜ் வழி.

இரண்டைக் கலப்பதும் உண்டு, எனக்கு அது பிடிக்கும். எல்லா இடத்துக்கும் பொதுவான வரிகள் கோப்பில். இடத்துக்கு இடம் மாறும் மேக்ஸ்மெமரி மட்டும் கமாண்டில். கோப்பும் கமாண்டும் முரண்பட்டால் கமாண்டுதான் ஜெயிக்கும், ஏனென்றால் ரெடிஸ் கோப்பைப் படித்துவிட்டு கமாண்டில் வந்தவற்றை அதன் கடைசியில் ஒட்டிப் படிக்கிறது.

பாஸ்வேர்டுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். சீக்ரெட் கோப்பைப் படித்து கமாண்டில் செருகுவதற்காக எஸ்ஹெச் -சி என்று ஷெல்லைச் சுற்றி எழுதுவது பரவலான பழக்கம். அதன் பக்கவிளைவைப் பலர் கவனிப்பதில்லை: கமாண்டு இப்போது ரெடிஸ்-சர்வர் என்று தொடங்கவில்லை, ஆகவே நுழைவு ஸ்கிரிப்ட் பயனரை மாற்றுவதில்லை, ரெடிஸ் ரூட்டாகவே ஓடுகிறது. பாஸ்வேர்டை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய கதவைத் திறந்துவிடுகிறோம். அதற்குப் பதில் ரெக்வயர்பாஸ் வரியை மட்டும் ஒரு சீக்ரெட் கோப்பில் எழுதி, முதன்மைக் கோப்பிலிருந்து இன்க்ளூட் செய்யுங்கள். ரெடிஸ் 6 முதல், பயனர்களையும் அவர்கள் உரிமைகளையும் எழுதிவைக்கும் ஏசிஎல் கோப்பும் இருக்கிறது. அதில் பாஸ்வேர்டுக்குப் பதில் அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை எழுதினால் போதும், கோப்பைப் படிக்கிறவருக்கும் பாஸ்வேர்டு கிடைக்காது.

எந்த வழியில் போனாலும், முடித்ததும் இரண்டு கேள்வியை ரெடிஸிடமே கேட்டுவிடுங்கள். இன்ஃபோ சர்வர் என்றால் வரும் பட்டியலில் கன்ஃபிக்_ஃபைல் என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் கொடுத்த பாதை அங்கே இருக்க வேண்டும். கமாண்டு வழி என்றால் காலியாக இருக்கும். அடுத்து கன்ஃபிக் கெட் மேக்ஸ்மெமரி. நீங்கள் எழுதிய எண் பைட் கணக்கில் வந்தால் சரி. இன்னும் 0 என்றே வந்தால் நீங்கள் எழுதியதை ரெடிஸ் படிக்கவே இல்லை, கமாண்டில் கோப்பின் பாதையைக் கொடுத்தீர்களா, மவுன்ட் பாதையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.